சரிவில் விழுந்த இருவர்

பாரிசில் வெளிவந்துகொண்டிருந்த 'வ்யூ' வார இதழ் 1936 செப்டம்பர் 23 அன்று ஒரே பக்கத்தில் இரண்டு படங்களை மேலும் கீழுமாக அச்சிட்டது. மேலே இருந்த படத்தை இன்று உலகமே அறியும். காய்ந்த புல் மண்டிய சரிவு. வெள்ளைச் சட்டை, இடுப்பில் தோல் தோட்டாப் பைகள். ஒருவர் பின்பக்கமாகச் சாய்கிறார். வலக்கை விரிந்து துப்பாக்கி கைநழுவுகிறது. கீழ்ப் படத்திலும் ஒருவர் விழுகிறார். கிட்டத்தட்ட அதே இடம், அதே சரிவு. வானத்தில் மேகங்கள் நிற்கும் கோலம்கூட அதேதான். ஆனால் ஆள் வேறு, உடை வேறு.

ராபர்ட் காப்பாவின் 'விழும் வீரன்' பற்றி எண்பதாண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்டவற்றை அடுக்கினால் ஒரு சிறு நூலகம் தேறும். அதில் இந்த இரண்டாவது ஆளுக்கு ஒதுக்கப்பட்ட பக்கங்கள் மிகக் குறைவு. ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் அறிமுகமான இருவரில் ஒருவர் மட்டும் காலத்தைத் தாண்டினார். அவர் யார், எங்கே விழுந்தார், உண்மையில் விழுந்தாரா என்று ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டிய கேள்வியைக் கேட்டது. படம் மாறவில்லை. பார்த்தவர்களின் கேள்விதான் மாறிக்கொண்டே வந்தது. அந்தக் கேள்விகள் ஸ்பெயினைப் பற்றிச் சொன்னதைவிடக் கேட்டவர்களின் காலத்தைப் பற்றிச் சொன்னது அதிகம் என்பது என் எண்ணம்.

முதலில் பார்த்தவர்கள் உண்மையா பொய்யா என்று கேட்கவே இல்லை. 1936 ஜூலையில் ஃபிராங்கோ முதலான படைத்தளபதிகள் ஸ்பெயின் குடியரசுக்கு எதிராகக் கலகம் செய்தனர். ஜெர்மனியும் இத்தாலியும் அவர்களுக்கு விமானமும் ஆயுதமும் தந்தன. பிரான்சும் பிரிட்டனும் ஆகஸ்டிலேயே 'தலையிடாமை' என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டன. பிரான்சில் அப்போது லியோன் புளூம் தலைமையில் இடதுசாரிக் கூட்டணி ஆட்சி. ஸ்பெயினுக்கு உதவலாமா கூடாதா என்று அந்தக் கூட்டணியே பிளவுபட்டுக் கிடந்தது. அந்த நேரத்தில் 'வ்யூ' போன்ற குடியரசுச் சார்பு இதழை விரித்தவருக்கு இந்தப் படம் சாட்சியாகத் தெரியவில்லை, அழைப்பாகத் தெரிந்தது. படக்குறிப்பும் அதற்கேற்ப முழங்கியது. சரிவில் பாய்ந்து இறங்கிய வீரர்களைச் சகோதரர்களின் தோட்டா தைத்ததாகவும், பிறந்த மண்ணே அவர்களின் குருதியைக் குடித்ததாகவும் எழுதியது. எந்த ஊர், எந்தத் தேதி, யார் இவர்கள் என்பதை அது சொல்லவில்லை. வாசகரும் கேட்கவில்லை.

படம் எடுத்தவருக்கு அப்போது 22 வயது. புடாபெஸ்டில் பிறந்த யூதர். இயற்பெயர் எந்த்ரே ஃப்ரீட்மன். ஸ்டுட்கார்ட்டில் பிறந்த கெர்டா டாரோவும் அவரும் காதலர்கள், தொழிலில் கூட்டாளிகள். புகழ்பெற்ற அமெரிக்க நிழற்படக்காரர் ஒருவர் இருப்பதாகக் கதை கட்டி, அவருக்கு 'ராபர்ட் காப்பா' என்று பெயரிட்டு, அந்தப் பெயரில் படங்களை நல்ல விலைக்கு விற்றவர்கள் இவர்கள். பின்னாளில் வந்த ஐயங்களுக்கு இந்தக் கதையும் எண்ணெய் ஊற்றியது. பெயரையே இட்டுக்கட்டியவர் படத்தை இட்டுக்கட்டமாட்டாரா என்ற வாதம் காதுக்கு இனிமையானது. ஆனால் ஹிட்லருக்குத் தப்பி வந்து, கையில் காசில்லாமல் பாரிசில் திரிந்த இரு அகதிகள் பெயர் மாற்றிக்கொண்டதையும் போர்க்களத்தில் பொய் சொல்வதையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

1937 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் 'லைஃப்' இதழ் படத்தை மறுபடி வெளியிட்டபோது இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. இரண்டாவது ஆள் காணாமல் போனார். படக்குறிப்புக்குத் துல்லியம் வந்து சேர்ந்தது. கோர்தோபா நகருக்கு எதிரே, தலையில் தோட்டா பாய்ந்த அதே கணத்தில் ஒரு ஸ்பானிய வீரனைக் காப்பாவின் கேமரா பிடித்தது என்றது லைஃப். எதிர்ப் பக்கத்தில் 'வைட்டாலிஸ்' தலைமுடித் தைல விளம்பரம்; படிய வாரிய பளபளக்கும் முடியோடு ஓர் ஆடவர் வெள்ளைக் கோட்டில் வீற்றிருந்தார். எழுத்தாளர் சூசன் சொன்டாக் இந்தப் பொருத்தத்தை எடுத்துக்காட்டி எழுதியிருக்கிறார். 

தலையில் தோட்டா என்று ஒருமுறை அச்சில் வந்துவிட்ட பிறகு கண்களும் அதையே பார்க்கத் தொடங்கின. விழுபவரின் தலைக்கு மேலே கறுப்பாக ஏதோ தெறிக்கிறது, அது மண்டையோட்டுச் சில்லு என்று பலர் ஆண்டுக்கணக்கில் நம்பினர். காப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ரிச்சர்ட் வீலன் தெளிவான பிரதியை வைத்துப் பார்த்தபோது அது தொப்பியின் குஞ்சம் என்று தெரிந்தது. ஒரு வரிப் படக்குறிப்பு நூல் குஞ்சத்தை எலும்பாக்கியிருக்கிறது. இந்தப் படத்தைப் பற்றிய சர்ச்சை முழுவதையும் இந்தக் குஞ்சத்திலிருந்தே புரிந்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மௌனமான ஒரு தாளில் ஒருவர் சாய்கிறார், அவ்வளவுதான். மீதியெல்லாம் கீழே இருக்கும் எழுத்து காட்டியது.

லைஃப் இதழ் வந்த இரண்டு வாரத்தில், ஜூலை 26 அன்று, புருனெத்தே போர்முனையில் காயம்பட்ட கெர்டா டாரோ இறந்தார். அடுத்த ஆண்டு காப்பா வெளியிட்ட நூலின் மேலட்டையில் விழும் வீரன் இடம்பெற்றார். 1938 டிசம்பரில் லண்டனின் 'பிக்சர் போஸ்ட்' காப்பாவை உலகின் மிகச் சிறந்த போர் நிழற்படக்காரர் என்று அறிவித்தது. அப்போது அவருக்கு 25 வயது. படம் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இனி அதைப் பற்றிப் பேசாமல் அவரால் எங்கும் போக முடியாது.

பேசினார், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி. 1937-இல் நியூயார்க் செய்தித்தாள் ஒன்றிடம், தானும் அந்த வீரரும் தனியாகக் குன்றில் சிக்கிக்கொண்டதாகவும், பொறுமையிழந்த வீரர் பதுங்கியிருந்த இடத்திலிருந்து எழுந்தபோது சுடப்பட்டதாகவும் சொன்னார். 1947-இல் ஒரு வானொலி நேர்காணலில், பதுங்குகுழியில் இருபது பேர் இருந்ததாகவும், எதிரியின் இயந்திரத் துப்பாக்கியை நோக்கி அவர்கள் பாய்ந்தபோது தான் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்க்காமலே விசையை அழுத்தியதாகவும் கூறினார். அந்த ஒலிப்பதிவு 2013-இல்தான் வெளியே வந்தது. இவை இரண்டுக்கும் நடுவே இன்னொரு கதையும் உண்டு. காப்பாவின் தோழியான நிழற்படக்காரர் ஹான்சல் மீத் 1982-இல் வீலனுக்கு எழுதிய கடிதத்தில், காப்பா தன்னிடம் மனம் நொந்து சொன்னதாகக் குறிப்பிட்டது அது. யாரும் சுட்டுக்கொள்ளாத நேரம், எல்லோரும் விளையாட்டாகச் சரிவில் ஓடிக்கொண்டிருந்தோம், திடீரென்று விளையாட்டு நிஜமாகிவிட்டது என்றாராம். 

மூன்று கதைகள், மூன்று இடத்தில் நிற்கும் கேமரா. மூன்றாவது கதை உண்மையானால், படத்துக்காக எழுந்து நின்றவர்மீது எங்கிருந்தோ தோட்டா வந்தது என்றாகிறது. அப்படியொரு குற்ற உணர்ச்சியை ஒருவர் வாழ்நாளெல்லாம் மாற்றி மாற்றிச் சொல்லி மறைத்திருக்கலாம். காப்பாவை நேசிப்பவர்களுக்குப் பிடித்தமான கதை இது. எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது. 1954 மே 25 அன்று இந்தோசீனாவில் கண்ணிவெடியை மிதித்து அவர் இறந்ததோடு, அவரிடம் நேரில் கேட்கும் வாய்ப்பும் போனது.

1975-இல் கேள்வி மாறியது. போர்ச் செய்தியாளர்களின் வரலாற்றை எழுதிய ஃபிலிப் நைட்லி, 1930-களில் ஸ்பெயினில் இருந்த தென்னாப்பிரிக்கச் செய்தியாளர் ஓ'டவுட் காலகரின் நினைவை அதில் வெளியிட்டார். படம் நடித்து எடுக்கப்பட்டது என்று காப்பாவே சொன்னதாகக் காலகர் கூறினார். அவர் வேறு இடங்களில் சொன்னபோது விவரங்கள் புரண்டன. நடித்தவர்கள் குடியரசு வீரர்களா, ஃபிராங்கோவின் ஆட்களா என்பதிலேயே அவருக்கு நிலையில்லை. நீதிமன்றத்தில் இந்தச் சாட்சி ஐந்து நிமிடம் தாங்காது. ஆனாலும் குற்றச்சாட்டு பற்றிக்கொண்டது. வியட்நாம் போர் அந்த ஆண்டில்தான் முடிந்தது. அரசு காட்டிய படங்களையும் சொன்ன எண்ணிக்கைகளையும் நம்பி ஏமாந்திருந்த தலைமுறை, பழைய படங்களையும் தோண்டத் தொடங்கியது. அதே 1975-இல் வில்லியம் ஃபிராசனிட்டோ என்ற ஆய்வாளர் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் படங்களை மறு ஆய்வு செய்து நூலாக்கினார். 1863-இல் அலெக்சாண்டர் கார்ட்னர் குழுவினர் ஒரே வீரனின் சடலத்தைச் சுமார் நாற்பது கஜம் தூக்கிச் சென்று, பாறை இடுக்கில் கிடத்தி, பக்கத்தில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்து, 'மறைந்திருந்து சுடும் வீரனின் இருப்பிடம்' என்று படமெடுத்தது அதில் விரிவாக நிறுவப்பட்டது. கார்ட்னரின் வாசகர்கள் ஒரு நூற்றாண்டு அந்தப் படத்தை அழுத கண்ணோடு பார்த்தவர்கள்.

இங்கே நம்முடைய நடுகற்களை நினைக்காமலிருக்க என்னால் முடியவில்லை. செங்கம் பகுதியில் வயலோரம் நிற்கும் பல்லவர் காலக் கற்களில் வீரன் ஒரு கையில் வில்லும் மறுகையில் குறுவாளுமாக நிற்பான். சிலவற்றில் உடலில் அம்பு தைத்திருக்கும். செதுக்கிய கல்தச்சர் வீரன் மாண்ட மாட்டுப் பூசலை நேரில் பார்த்திருக்கமாட்டார். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. அந்த நிற்கும் நிலை மரபு. கல்லில் உண்மையாக இருக்க வேண்டியது எழுத்து. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்துக் கல்லில் உருவமே இல்லை. கூடலூர், ஆநிரை கவர்தல், மாண்டவன் பெயர், இவ்வளவுதான். அது போதுமாக இருந்திருக்கிறது. நிழற்படம் இதைத் தலைகீழாக்கிவிட்டது. உருவம் தானாகவே உண்மை, எழுத்து யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. பெயரும் ஊரும் வெட்டாத கல்லை நட்டால் ஊரார் விளக்கம் கேட்பார்கள். காப்பாவின் படம் அறுபது ஆண்டுகள் பெயரில்லாமலேயே நின்றது.

அறுபதாவது ஆண்டில் பெயர் வந்தது. ஸ்பெயினின் கிழக்கே அல்கோய் என்றொரு ஆலை நகரம். அங்கிருந்து புறப்பட்ட தொண்டர் படையில் 14 வயதில் சேர்ந்து, கோர்தோபாவுக்கு வடக்கே செர்ரோ முரியானோவில் போரிட்டவர் மாரியோ புரோத்தோன்ஸ். முதுமையில் உள்ளூர் வரலாறு எழுதிக்கொண்டிருந்த அவர், விழும் வீரனின் இடுப்பிலுள்ள தோட்டாப் பைகளைப் பார்த்தார். அந்த வடிவத் தோல் பைகள் அல்கோயில் உள்ளூர்க் கைவினைஞர்கள் தைத்தவை. வேறெந்த ஊர்ப் படையும் அவற்றை அணியவில்லை என்றார். 1936 செப்டம்பர் 5 அன்று செர்ரோ முரியானோவில் மாண்ட அல்கோய்க்காரர் ஒருவரே. ஃபெதெரிகோ போரெல் கார்சியா, வயது 24, ஆலைத் தொழிலாளி. படத்தைக் காட்டியபோது போரெலின் தம்பி மனைவி அவர்தான் என்று அடையாளம் சொன்னார். 1996-இல் செய்தி உலகெங்கும் பரவியது. வீலன் வழக்கு முடிந்தது என்று எழுதினார். பெயர் இருக்கிறது, இறந்த தேதி இருக்கிறது, எனவே படம் உண்மை என்பது அவர் தருக்கம்.

அந்தப் பெயரை ஸ்பெயின் எவ்வளவு தாகத்தோடு பிடித்துக்கொண்டது என்பதைப் புரிந்துகொள்ள ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஃபிராங்கோ ஆட்சி 1975 வரை நீடித்தது. தோற்ற தரப்பின் மாண்டவர்களை நினைவுகூர அதில் இடமில்லை. சாலையோரப் பள்ளங்களிலும் இடுகாட்டுச் சுவர்களுக்கு வெளியேயும் பெயரின்றிப் புதைக்கப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. எலும்புகளைத் தோண்டி எடுத்துப் பெயர் தேடும் இயக்கம் 2000-க்குப் பிறகு வலுப்பெற்றது. 2007-இல் வரலாற்று நினைவுச் சட்டம் வந்தது. அப்படிப்பட்ட நாட்டில், உலகப் புகழ்பெற்ற பெயரற்ற வீரருக்குப் பெயர் கிடைத்ததென்றால் யார்தான் குறுக்குக் கேள்வி கேட்க விரும்புவார்கள்?

கேட்டவர்களும் ஸ்பானியர்கள்தான் என்பதைச் சொல்ல வேண்டும். 2007-இல் வந்த 'பனிப்பாறையின் நிழல்' என்ற ஆவணப்படத்தின் இயக்குநர்கள் பழைய அனார்கிஸ்டு இதழ் ஒன்றைத் தேடிப் பிடித்தனர். போரெலுடன் களத்தில் நின்ற தோழர் 1937-இல் அதில் அவருக்கு அஞ்சலி எழுதியிருந்தார். போரெல் ஒரு மரத்தின் பின்னால் நின்று சுட்டுக்கொண்டிருந்தபோது குண்டடிபட்டு இறந்தார் என்றது அந்தக் குறிப்பு. படத்தில் மரம் இல்லை, கண்ணுக்கெட்டிய வரை புல்தான்.

பிறகு மலை பேசியது. அதே சரிவில் எடுக்கப்பட்ட தொடரின் பிற படங்கள் கண்காட்சியாகவும் நூலாகவும் வந்தபோது, பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோசே மனுவேல் சுஸ்பெர்ரெகி வீரர்களை விட்டுவிட்டுப் பின்னணியைப் பார்த்தார். சரிவுக்கு அப்பால் மலைத்தொடர் தெரியும் படங்களை இணைத்து, இது உங்கள் ஊரா என்று கேட்டுக் கோர்தோபா வட்டாரத்து நூலகங்களுக்கும் உள்ளூர் வரலாற்றாளர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். ஆய்வென்று பார்த்தால் எளிமையிலும் எளிமை, தொலைந்த ஆட்டை விசாரிப்பதுபோல. எஸ்பெஹோ என்ற ஊரிலிருந்து ஆம் என்று பதில் வந்தது. செர்ரோ முரியானோவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி, கோர்தோபாவுக்கு மறுபுறம் இருக்கும் ஊர். 2009-இல் இது வெளியானது. போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த மலைக்கோடு அப்படியே பொருந்தியது. செப்டம்பர் முதல் வாரத்தில் எஸ்பெஹோவில் சண்டை நடக்கவில்லை. அங்கே போர் வந்தது மாதக் கடைசியில். அதற்குள் படம் பாரிசில் அச்சாகிவிட்டிருந்தது.

எதிர்வினைகள் உடனே வந்தன. காப்பாவின் தம்பி கார்னெல் நிறுவிய நியூயார்க் பன்னாட்டு நிழற்பட மையம், தொலைவிலிருந்து மறைந்து சுட்டவரின் தோட்டாவாக இருக்கலாமே என்றது. ஸ்பெயினின் அன்றைய கலாச்சார அமைச்சர் ஆங்கெலெஸ் கோன்சாலெஸ் சிந்தே, கேமராவை ஒரு பக்கம் திருப்புவதே தேர்வுதானே, கலை என்றாலே கையாள்வதுதானே என்ற பொருளில் பேசினார். அந்தப் பதில் எனக்கு ஒப்பவில்லை. இதைக் கலை என்று எவரும் 1936-இல் வாங்கவில்லை, செய்தி என்று வாங்கினார்கள். செய்தி என்று விற்றுவிட்டு, பிடிபட்டவுடன் கலை என்று பெயர் மாற்றுவது கடைக்காரர் சாமர்த்தியம். இதற்கு நேரெதிராக, 2003-இல் எழுதிய சொன்டாக், விழுபவர் நடித்தார் என்று தெரிந்தால் அந்தப் படத்துக்கு மதிப்பே இல்லை என்ற முடிவுக்குப் போனார். அதுவும் அவசரம் என்றே நினைக்கிறேன். விவசாயத்தையும் ஆலையையும் விட்டு வந்து, பயிற்சியில்லாமல், ஊர்க் கைவினைஞர் தைத்த பையோடு, கேமரா முன்னால் மகிழ்ச்சியாகச் செத்து விளையாடும் இளைஞர்களின் படம் என்று அதைப் பார்த்தால் எனக்கு அது இன்னும் அதிகமாகவே நோகிறது. சில வாரங்களில் போர் அந்தச் சரிவுக்கே வந்துவிட்டது. அவர்களில் எத்தனை பேர் மிஞ்சினார்கள்?

ஆம், நடித்தது என்றே நான் முடிவு செய்கிறேன். மலை ஒரு காரணம். மற்றொன்று, நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது ஆள். மேகக் கோலம் மாறாத சில நிமிட இடைவெளிக்குள் ஒரே இடத்தில் இருவர் சுடப்பட்டு விழ வேண்டும். அந்த இரண்டு சாவையும் ஒரே கேமரா ஒரே கோணத்தில் பிடிக்க வேண்டும். அதோடு, ஒருவர் விழும் படத்தில் மற்றவரின் உடல் கிடக்கவில்லை. உடலை இழுத்துச் சென்றிருப்பார்கள் என்றார் வீலன். தோட்டா பறக்கும் சரிவில், சில நிமிடங்களுக்குள்? அவரே ஆலோசனை கேட்ட மெம்ஃபிஸ் நகரக் கொலைவழக்குத் துப்பறிவாளர் ராபர்ட் ஃபிராங்க்ஸ், விழுபவரின் தளர்ந்த கைவிரல்களைக் காட்டி உயிர் போய்விட்டது என்றார். அதே மூச்சில், இவர் ஓடிக்கொண்டிருக்கவில்லை, பாதம் பதித்து நின்றவர் என்றும் சொன்னார். ஓடிவந்தவரைத் தோட்டா தடுத்தது என்ற 'வ்யூ' படக்குறிப்பு அங்கேயே உதிர்ந்துவிட்டது. இரண்டாவது படத்தை லைஃப் விடாமல் அச்சிட்டிருந்தால் இந்தச் சந்தேகம் 1975 வரை காத்திருந்திருக்காது. காப்பா பொய் சொன்னாரா, பத்திரிகைகள் எழுதியதை மறுக்காமல் இருந்தாரா என்பதில் நான் இரண்டாவதன் பக்கம். படத்தின் மூல நெகட்டிவ் எவரிடமும் இல்லை. காப்பா, டாரோ, மற்றொரு நிழற்படக்காரரான சிம் ஆகிய மூவரின் ஏறத்தாழ 4,500 நெகட்டிவ்கள் அடங்கிய 'மெக்சிக்கோப் பெட்டி' 2008-இல் வெளிவந்தபோது எல்லோரும் முதலில் தேடியது இந்த ஒரு துண்டு பிலிமைத்தான். அதில் அது இல்லை. இதற்கிடையே ஜப்பானிய எழுத்தாளர் கோதாரோ சவாகி, படத்தை எடுத்ததே கெர்டா டாரோவாக இருக்கலாம் என்று வாதிட்டு, எடுத்தவர் யார் என்பதையும் கேள்விப் பட்டியலில் சேர்த்துவிட்டார்.

இத்தனை விசாரணையிலும் அதிகம் இழந்தவர் ஃபெதெரிகோ போரெல் என்று நினைக்கிறேன். 1936 செப்டம்பர் 5 அன்று, செர்ரோ முரியானோவில், ஒரு மரத்தின் பின்னால் அவர் இறந்தார். நேரில் பார்த்த தோழர் அதை எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சாவுக்குப் படம் கிடையாது. பத்தாண்டுக்கு மேலாகப் பாடநூல்களிலும் கண்காட்சிச் சுவர்களிலும் அவருடைய பெயர் வேறொருவரின் உடலுக்குக் கீழே அச்சாகிக்கொண்டிருந்தது. அந்த உடலுக்கு உரியவர் எஸ்பெஹோவில் கீழே விழுந்து, புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்து நடந்திருக்கக்கூடும். அதே தொடரின் இன்னொரு படத்தில் அவர் தோழர்களோடு வரிசையில் நின்று துப்பாக்கியை உயர்த்திக் காட்டுகிறார். வெள்ளைச் சட்டை, அதே தோல் பைகள். அவருக்குப் பெயர் இல்லை. அவருக்குக் கீழே, 'வ்யூ' பக்கத்தின் அடிப்பாதியில், இரண்டாவது ஆள் இன்னும் சரிந்துகொண்டிருக்கிறார். அவருடைய தோட்டாப் பையை உற்றுப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்க முயன்றவர் எவரும் இல்லை.